ஆயாம்மாவை முதலில் பேச விடுங்கள்

முதியோர் இல்லங்களை நடத்தும் அறங்காவலர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

போன மாதம் கோவையில் உங்களில் சிலர் கூடிப் பேசியபோது என்னையும் அழைத்திருந்தீர்கள். அங்கே ஒருவர் எழுந்து கேட்டார்: "சிஸ்டர், ஸ்டாஃப் நிக்கவே மாட்டேங்கிறாங்க. வந்து மூணு மாசத்துல கிளம்பிடறாங்க. இருக்கறவங்க முகத்திலயும் சிரிப்பே இல்லை. பட்ஜெட் கிடையாது. அதிகச் செலவில்லாம அவங்களை உற்சாகமா வெச்சுக்க ஒரு வழி சொல்லுங்க." நான் வாய் திறப்பதற்குள் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். இலை போட்ட பிறகு, பெரியவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் ஆயாக்களைப் பற்றி யார் பேசுவார்கள்? சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். கடைசி ஒன்பது வருஷம், நாற்பது கட்டில் உள்ள ஓர் இல்லத்தில் இன்சார்ஜ். எந்த இல்லம் என்பது வேண்டாம். கீழே நான் சொல்லப்போகும் தப்புகளில் பாதி நானே செய்தவை.

முதலில் ஒரு விஷயம். இதில் சொல்லும் எதுவும் சம்பளத்துக்கு மாற்று அல்ல. ஐந்தாம் தேதி போட வேண்டிய சம்பளத்தைப் பதினான்காம் தேதி போட்டுவிட்டு ஊக்கம் பற்றிப் பேசினால், ஆயாக்கள் உங்கள் முன்னால் தலையாட்டுவார்கள், உடை மாற்றும் அறையில் போய்ச் சிரிப்பார்கள். ஈ.எஸ்.ஐ. என்ற ஊழியர் காப்பீட்டு விஷயமும் அப்படித்தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர்களிடம் பிடிக்கிறீர்கள், உங்கள் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள். சரி, அவர்களுக்குத் தங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பர் தெரியுமா? எந்த டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும், பிள்ளைகளையும் காட்டலாமா, உடம்பு முடியாமல் படுத்தால் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கிறீர்களா? எங்கள் இல்லத்தில் நான்கு வருஷம் பணம் கட்டிய ஓர் அம்மா, மகனின் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கந்துவட்டிக்கு வாங்கினார். ஒரு மதியம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருந்தால் அந்தக் கடன் இல்லை.

இனி உற்சாகத்துக்கு வருவோம். உங்களில் பலர் ஏற்கெனவே ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஆண்டு விழா, ஃப்ளெக்ஸ், சால்வை, 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று வரவேற்பறையில் ஒரு படம். அந்தச் சுவரில் இருந்த முகங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்தில் நைட் டூட்டி பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை. அறங்காவலர்கள் வருவது காலை பதினொரு மணிக்கு. அவர்கள் கண்ணில் படுகிறவர்களுக்குத்தானே பரிசு! விடிகாலை மூன்று மணிக்கு வயிற்றுப்போக்கு எடுத்த தாத்தாவுக்கு நாலாவது முறையாக விரிப்பு மாற்றியவரை யார் பார்த்தார்கள்? பரிசு வாங்கியவருக்கும் அதனால் சந்தோஷமில்லை; அந்த மாதம் முழுக்க மற்றவர்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

நான் கற்றுக்கொண்டது ஒரு காபி டம்ளரிலிருந்து.

எங்கள் இல்லத்தில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருந்தார். எண்பத்தொரு வயது. காலைக் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று தினம் ஒரு சண்டை. ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர், அதாவது டூட்டி மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது, நடந்துகொண்டிருந்தது. வழக்கப்படி நைட் சிஸ்டர் நோட்டைப் பார்த்து வாசிக்க, பகல் சிஸ்டர் கேட்டுக்கொள்ள, ஆயாக்கள் வாசலில் வாளியோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சிஸ்டர், டீச்சரம்மா இன்னைக்குக் காபிக்குச் சக்கரை கேக்கலீங். குடுத்தத அப்படியே குடிச்சுட்டுப் படுத்துக்கிச்சு."

பி.பி. சரி, காய்ச்சல் இல்லை, சுகர் சரி. நோட்டில் எல்லாமே சரியாக இருந்தது. "வயசானவங்க அப்படித்தான். நீ போய் மூணாம் ரூமைக் குளிப்பாட்டு" என்றேன்.

மறுநாள் இரவு டீச்சருக்குத் தன் மகனையே அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 114. சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டியது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துவந்த, நீரைப் பிரிக்கும் வகை மாத்திரையில் வந்த வினை. நல்லவேளை, பத்து நாளில் தேறி வந்துவிட்டார். வந்த முதல் நாளே சர்க்கரைக்குச் சண்டை போட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு மணி நேரம் முன்பே அந்த நோயைக் கண்டுபிடித்தவர் வாளியோடு வாசலில் நின்றார். நான் அவரை மூன்றாம் ரூமுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஹேண்ட் ஓவரின் வரிசையை மாற்றினோம். ஆயாக்கள் உள்ளே வந்து உட்கார வேண்டும். அவர்கள்தான் முதலில் பேசுவார்கள். அவர்கள் முடிக்கும்வரை சிஸ்டர் நோட்டைத் திறக்கக் கூடாது. நோட்டில் 'ஆயா சொன்னது' என்று தனியாக ஒரு பத்தி. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதி, பக்கத்தில் சொன்னவர் பெயரையும் எழுத வேண்டும். பத்து நிமிஷ வேலை.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஒண்ணுமில்லீங் சிஸ்டர்" என்பதோடு முடியும். இத்தனை வருஷம் பேசாதே என்று பழக்கிவிட்டு, இப்போது பேசு என்றால் உடனே பேச்சு வருமா? மூன்றாவது வாரம் ஒருவர், பன்னிரண்டாம் கட்டில் தாத்தா இடது பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார் என்றார். பார்த்தால் வலது பக்கம் பல்செட் உரசிப் புண். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. யார் குளிக்கும்போது முழங்கையை மறைக்கிறார், யார் மகன் போன் செய்த அன்று சாப்பிடுவதில்லை, யார் செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்று வந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை வருகிற டாக்டர் ஒருநாள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "இதைச் சொன்னவங்களைக் கூப்பிடுங்க" என்றார். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். டாக்டர் கேள்வி கேட்கிறார், அவர் பதில் சொல்கிறார். நான் அவரை ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். அவ்வளவு நேராக நின்று பார்த்ததில்லை. எந்தச் சால்வையிலும் இது வராது.

அடுத்தது டூட்டி சார்ட். ஆட்கள் வேலையை விட்டுப் போவதற்குப் பல இல்லங்களில் இதுதான் காரணம், ஆனால் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். நாளைக்கு எனக்குப் பகலா நைட்டா என்று இன்று சாயங்காலம்தான் தெரியும் என்றால், ஒரு பெண் வீட்டை எப்படி நடத்துவாள்? ரேஷன் கடைக்கு என்றைக்குப் போவாள்? எங்கள் இல்லத்தில் பாதிப் பேர் விடுப்பு எடுத்தது நோய்க்காக அல்ல, ரேஷனுக்கும் ஆதாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். மாதம் பிறக்கப் பத்து நாள் முன்பே சார்ட்டை ஒட்டினோம். அவர்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதித்தோம். என்னிடம் வந்து கெஞ்ச வேண்டியதில்லை, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். அதோடு டூட்டி மாறும் நேரத்தையும் திருத்தினோம். ராத்திரி எட்டு மணிக்கு ஆள் மாறும், எட்டேகாலுக்குக் கடைசி டவுன் பஸ். ஹேண்ட் ஓவர் பத்து நிமிஷம் இழுத்தால் பஸ் போயிற்று. 2021 மே மாதத்திலிருந்து அந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை விட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டும், இருட்டில் காத்திருக்கவும் வேண்டும். ஏழரைக்கு மாற்றினோம். இது எங்கள் யோசனையே அல்ல. சமையல் அம்மா சொன்னது. எட்டு மணி என்று முதலில் வைத்தது யார் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

நேரத்துக்கு வராவிட்டால் அரை நாள் சம்பளம் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். அதில் உங்களுக்கு மிஞ்சுவது சொற்பம், அவர்கள் மனசில் தங்குவது அதிகம்.

நைட் டூட்டிக்கு டீ: அரை லிட்டர் பால், தூள், சர்க்கரை, ஒரு ஃப்ளாஸ்க். நாலு பேருக்கு மாசம் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பூட்டோடு ஆளுக்கொரு சின்ன அலமாரி. ஒவ்வொரு வராந்தாவிலும் உட்கார ஒரு நாற்காலி. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்களே என்று 2018இல் கேரளத்திலும் 2021இல் நம் சட்டமன்றத்திலும் கடைகளுக்கான சட்டத்தையே திருத்தி, அமரும் உரிமை கொடுத்தார்கள். ஆயா உட்கார்ந்திருந்தால் வேலை செய்யவில்லை என்று நினைக்கும் மேலாளர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் வேலைதான்.

சாப்பாடு பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய். இரட்டைக் குவளை கிராமத்து டீக்கடையோடு சரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆயாக்களின் தட்டும் டம்ளரும் தனியாகக் கீழ்த் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? சிஸ்டர்களுக்கு ஒரு தட்டு, மலம் அள்ளுகிறவர்களுக்கு வேறு தட்டா? "கிருமி" என்று ஒரு காரணம் சொல்வார்கள். அதே கையால்தானே அம்மா அப்பாவுக்கு ஊட்டிவிடச் சொல்கிறோம்? நாங்கள் எல்லாத் தட்டுகளையும் ஒன்றாகக் கலந்து அடுக்கினோம். சமையலறையில் இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. அடங்கிவிட்டது. கூடவே, நேற்றைய சாம்பாரை ஸ்டாஃபுக்கு என்று எடுத்து வைக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம்.

இப்போது மோதிரக் கதை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மறதி நோயுள்ள ஒரு பாட்டியின் மோதிரம் காணவில்லை. "அவதான் எடுத்தா" என்று அவர் ஓர் ஆயாவைக் கை காட்டினார். மகள் அமெரிக்காவிலிருந்து போனில் கத்தினார். நாங்கள் போலீசுக்குப் போகவில்லை, அந்தப் பெண்ணை வெளியே அனுப்பவுமில்லை. 'ஒரு ஃபார்மாலிட்டி' என்று சொல்லிப் பையைக் கொட்டிப் பார்த்தோம். மற்றவர்கள் முன்னால். ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை அட்டை, மகனின் பள்ளிக்கூடப் படம், பஸ்ஸில் கொறிக்கப் பொட்டலத்தில் கொஞ்சம் பொரி. அவ்வளவுதான் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. பதினோராம் நாள் பாட்டியின் பவுடர் டப்பாவுக்குள் மோதிரம் கிடைத்தது. மகளுக்கு உடனே தகவல் சொன்னோம். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. போன் எடுத்தாள், கேட்டாள், "சரிங் சிஸ்டர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதே மாதம் இன்னும் இரண்டு பேர் போனார்கள். சம்பளம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரியும், அது காரணமில்லை.

பொருள் வைத்த இடத்தை மறப்பதும், யாரோ திருடிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவதும் மறதி நோயில் அடிக்கடி பார்ப்பதுதான். அதனால் சேர்க்கும் அன்றே நகைகளை எழுதிப் படமெடுத்துக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூடவே இருந்துதான் ஆக வேண்டும் என்றால் குடும்பத்தினர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்குங்கள். காணாமல் போனால் முதலில் தேட வேண்டியது தலையணை உறையும் பவுடர் டப்பாவும். கேட்டில் தினமும் பை சோதிக்கிறீர்கள் என்றால், உங்கள் பையையும் என் பையையும் சேர்த்துச் சோதிக்கட்டும், அல்லது யாருடையதும் வேண்டாம்.

இடுப்பு வலி பற்றி ஒரு வார்த்தை. நம் ஆயாக்கள் எழுபது கிலோ மனிதரை அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். தூக்குகிறவருக்கு இடுப்பு போகிறது, தூக்கப்படுகிறவருக்குத் தோள் வலிக்கிறது. இடுப்புக்கு அடியில் குறுக்காக மடித்துப் போட்ட ஒரு பழைய பெட்ஷீட், இரண்டு பக்கமும் இரண்டு பேர், 'ஒண்ணு ரெண்டு மூணு' என்று சேர்ந்து இழுத்தால் போதும். பெட்சோர் என்ற படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொல்கிறோமே, அதை எப்படிச் செய்வது என்று காட்டிக் கொடுத்தோமா? உங்கள் இல்லத்துக்கு வந்துபோகும் பிசியோவிடம் மாதம் அரை மணி நேரம் கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் காசு வாங்கவில்லை. கற்றுக்கொண்டவர்களே அடுத்து வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், கொஞ்சம் மிடுக்காகவே.

கடைசியாக, சாவு.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், ஒரு பாட்டிக்கு மூன்று வருஷம் ஊட்டிவிட்டாள். பாட்டிக்கு ஒடியா தெரியாது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். பாட்டி ஒரு நாள் விடிகாலையில் போய்விட்டார். அவளுக்கு நான் கொடுத்த முதல் வேலை, கட்டிலைக் கழுவி மெத்தையை வெயிலில் போடு, நாளைக்கு அட்மிஷன் இருக்கிறது என்பது. மொட்டை மாடியில் ஃபினாயில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கீழே வந்து, "சிஸ்டர், அம்மாவை எப்ப தூக்குவாங்க?" என்றாள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வண்டி போயிருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். யார் போனாலும் பார்த்துக்கொண்ட ஆட்களுக்குத்தான் முதல் தகவல். டூட்டியில் இல்லாவிட்டால் போன். கிளம்பும் முன் பதினைந்து நிமிஷம் அவர்களுக்கு. முகம் துடைத்துவிட, தலை வாரிவிட, ஒரு பூ வைக்க. உடலைப் பின்வாசல் வழியாக அல்ல, முன்வாசல் வழியாகவே கொண்டுபோனோம், எல்லோரும் இரண்டு பக்கமும் நிற்க. கட்டில் ஒரு நாள் காலியாக இருக்கும். அலுவலகத்தில் இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. கணக்குப் போடுங்கள்: மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கட்டில் என்றால் ஒரு நாளுக்கு 830 சொச்சம். போன வருஷம் உங்கள் ஃப்ளெக்ஸுக்கு எவ்வளவு ஆயிற்று?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வக்கீல் கென்னத் ஷ்வார்ட்ஸ் 1995இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். சாகும் முன், தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் சின்னச் சின்னக் கனிவுதான் தன்னைத் தாங்கியது என்று எழுதிவைத்தார். அவர் பெயரில் ஏற்பட்ட அமைப்பு 1997 முதல் ஆஸ்பத்திரிகளில் ஒரு கூட்டம் நடத்துகிறது. டாக்டர், நர்ஸ், மற்ற ஊழியர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, சிகிச்சையைப் பற்றியல்ல, அந்த நோயாளி தங்கள் மனசை என்ன செய்தார் என்று பேசுவார்கள். இதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு நாங்களும் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தோம். சுண்டலும் டீயும். முதல் கூட்டத்தில் நான்தான் பேசினேன், அந்த மெத்தையைப் பற்றி. அந்த ஒடிசாப் பெண்ணும் இருந்தாள். நான் முடித்ததும், பாட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் வசவு ஒன்றைச் சொல்லிக் காட்டினாள். எழுத முடியாத வசவு. சுண்டல் தொண்டையில் சிக்குமளவு சிரித்தோம்.

இவ்வளவும் செய்தால் ஆட்கள் நின்றுவிடுவார்களா என்று கேட்பீர்கள். எல்லோரும் நிற்கமாட்டார்கள். பக்கத்து மில்லில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போவார்கள், போகத்தான் வேண்டும், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. எங்களிடமிருந்தும் போனார்கள். ஆனால் போனவர்களில் சிலர், தங்கள் நாத்தனாரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் எங்களிடம் அனுப்பினார்கள். ஏஜென்சிக்குக் கமிஷன் கொடுத்து ஆள் எடுக்கும் உங்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நாளைக் காலை ஹேண்ட் ஓவரில் தொடங்குங்கள். வாளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். இரண்டு வாரம் "ஒண்ணுமில்லீங்" என்றுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் இன்சார்ஜ் ஒருத்தி,
கோயம்புத்தூர்

பி.கு.: டூட்டி சார்ட்டைப் பேனாவில் எழுதுங்கள். நான் முதல் இரண்டு மாதம் பென்சிலில் எழுதினேன், ஒருவரும் நம்பவில்லை.